சட்டி பழக்குதல்

கீழடியைப் பற்றி எங்கள் பக்கம் யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வருவது ஆண்டுக் கணக்குதான். கி.மு. 580. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு, அதை அனுப்பிச் சோதித்த அமெரிக்க ஆய்வகம், 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை எல்லாம் டீக்கடைப் பேச்சாகிவிட்டன. அதில் எனக்கு நிறைய மகிழ்ச்சி உண்டு. ஊர் ஊராக மனிதர்கள் தங்கள் காலடி மண்ணின் வயதைப் பேசுவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தக் கரி கிடைத்த மண்ணில்தான் பானை ஓடுகளும் கொத்துக் கொத்தாகக் கிடைத்தன. அந்தப் பானையில் என்ன வெந்தது, எந்த விறகில் வெந்தது, வெந்ததை வடித்தார்களா, பொங்கினார்களா, அந்தச் சோற்றுக்கான அரிசியைக் குத்த எவ்வளவு நேரம் ஆனது, யார் குத்தினார்கள்? இதைக் கேட்பவர்கள் குறைவு. சமயநல்லூரிலிருந்து கீழடி அருங்காட்சியகத்துக்குப் போக மதுரையை ஊடறுத்து அந்தப் பக்கம் போக வேண்டும். 2023 மார்ச்சில் திறந்ததிலிருந்து எனக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் போய்வருகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பானையைப் பார்க்கும்போதெல்லாம் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கை பரபரக்கும். சமைத்த பானையின் கதை முழுக்க அதன் அடியிலும் உள்சுவரிலும்தான் இருக்கிறது.

செய்து பார்த்து அறிகிற இந்த வேலையைச் சோதனைத் தொல்லியல் என்கிறார்கள். மண்ணுக்குள் கிடைத்ததைப் பார்த்து ‘இப்படி இருந்திருக்கும்’ என்று ஊகிப்பதோடு விடாமல், அதே மாதிரி மண், அதே மாதிரி விறகு, அதே மாதிரி கருவி வைத்துச் செய்து பார்ப்பது. செய்தபின் மிஞ்சும் கரி, கறை, தேய்மானம் இவற்றைத் தோண்டியெடுத்த பொருளோடு ஒப்பிடுவது. டென்மார்க்கில் லெயர என்ற இடத்தில் 1964இல் இதற்கென்றே ஒரு களம் அமைத்தார்கள். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் 1972இல் பட்சர் பண்ணை தொடங்கியது. அதை நடத்திய பீட்டர் ரெனால்ட்ஸ் செய்த ஒரு சோதனையைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது.

அங்கே இரும்புக் காலக் குடியிருப்புகளில் நிறையக் குழிகள் கிடைத்திருந்தன. தானியம் சேமித்த குழிகள் என்று ஒரு கருத்து. அந்த ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் குழிக்குள் தானியம் தாங்குமா என்று சந்தேகம். ரெனால்ட்ஸ் குழியைத் தோண்டி, தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்தார். குழிச் சுவரை ஒட்டிக் கிடந்த தானியம் ஈரம் வாங்கி முளைவிட்டது. முளைக்கும்போது உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுக் கரியமில வாயுவை விட்டது. காற்று மாறியதும் முளைப்பும் நின்றுபோனது. நடுவில் கிடந்த தானியம் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. அப்படிச் சேமித்ததை விதைத்தாலும் முளைத்தது.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், தலையைக் கூட நிமிர்த்தவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “எங்கய்யா காலத்துல சோளக்குழி தெறந்தா ஒடனே ஆள எறக்க மாட்டாக. மொதல்ல வெளக்கக் கயித்துல கட்டி எறக்குவாக. அணைஞ்சா அன்னைக்கு யாரும் எறங்கக் கூடாது.” ரெனால்ட்ஸ் அளந்து சொன்ன கரியமில வாயுவை அவருடைய ஐயா விளக்கை வைத்து அளந்திருக்கிறார். அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அத்தை சொல்வது ஒரு பக்கம், செய்து பார்த்ததில் நடந்தது எதிர்ப்பக்கம்.

முதல் பக்கத்தில் இருப்பது சட்டி பழக்குவது.

புது மண்சட்டியை வாங்கிவந்து அப்படியே அடுப்பில் ஏற்றினால் கசியும், விரியும், எதைச் சமைத்தாலும் மண்வாடை அடிக்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நிழலில் காயவைத்து உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவ வேண்டும். பிறகு வடித்த கஞ்சியை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே ஆறவிட்டு, மறுநாளும் அதேபோல. கஞ்சியின் பசை மண்ணின் நுண்துளைக்குள் இறங்கி அடைத்துக்கொள்கிறது, எண்ணெய் அதன்மேல் பிடித்துக்கொள்கிறது. பழகின சட்டிக்கு அதன் பிறகு ஒரு வேலைதான். மீன் சட்டி மீனுக்கு, பால் சட்டி பாலுக்கு, சோற்றுப் பானை சோற்றுக்கு. மாற்றக் கூடாது. “நீ எவ்வளவு தேச்சுக் கழுவுனாலும் சட்டி மறக்காது” என்பார் அத்தை.

இந்த வாக்கியத்தை ஒரு வருடம் சமைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தொல்லியலாளர்கள் ஏழு பேர், ஆளுக்கு ஒரு மெருகிடாத மண்சட்டியை எடுத்துக்கொண்டார்கள். மக்காச்சோளமும் கோதுமையும் மான் இறைச்சியும் சார்ந்த சமையல். ஒவ்வொருவரும் தன் சட்டியில் வாரம் ஒருமுறை, 50 முறை, ஒரே சமையலைச் சமைத்தார்கள். கடைசித் தடவை சிலர் வேறொன்றைச் சமைத்தார்கள். பிறகு சட்டியைச் சோதித்தார்கள். அடியில் கருகி ஒட்டியிருந்தது கடைசிச் சமையலைச் சொன்னது. உள்சுவரில் படிந்த மெல்லிய ஏடு கடைசிச் சில சமையல்களைச் சொன்னது. மண்ணுக்குள் உறிஞ்சப்பட்டிருந்த கொழுப்போ அந்தச் சட்டி வாழ்நாள் முழுக்க எதற்குப் பழகியதோ அதைச் சொன்னது. 2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் இது வெளியானது.

இதைப் படித்துவிட்டு அருங்காட்சியகத்தில் ஓட்டைப் பார்த்தால் பார்வையே மாறிவிடுகிறது. உடைந்த ஒரு துண்டுக்குள் மூன்று விதமான ஞாபகம் அடுக்கடுக்காக இருக்கக்கூடும். தோண்டியெடுத்த ஓட்டைத் தண்ணீரில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிற வழக்கம் இருக்கிறதே, அதில் மேலே ஒட்டியிருக்கிற ஞாபகம் போய்விடும். எல்லா ஓட்டையும் கழுவாமல் சிலதையாவது மண்ணோடு அப்படியே எடுத்துவைக்க வேண்டும் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது இதனால்தான்.

பானையின் வெளிப்பக்கமும் பேசும். பிலிப்பைன்ஸில் கலிங்கா மக்களோடு தங்கி அவர்கள் பானையைப் புழங்கும் விதத்தை வில்லியம் லாங்கேக்கரின் குழு ஆண்டுக்கணக்கில் கவனித்தது. அந்தக் குழுவில் இருந்த ஜேம்ஸ் ஸ்கிபோ, சோறு வெந்த பானையிலும் கறி வெந்த பானையிலும் கரி படியும் இடம் வேறு என்று காட்டினார். அதை எங்கள் கொல்லைப்புறத்திலேயே பார்க்கலாம். மூன்று கல் கூட்டிய அடுப்பில், தீ நேரே தொடுகிற அடிப்பகுதி வெளுத்துவிடும். அதற்கு மேலே வளையமாகக் கரி பிடிக்கும். கல் தாங்கின இடம் மட்டும் தனியாகத் தெரியும். கஞ்சி வடித்த பானையில், சாய்த்த பக்கத்து விளிம்பிலிருந்து வயிறு வரை கஞ்சி வழிந்து கருகிய தடம் விழும். வடிக்காமல் பொங்கிய பானையில் அந்தத் தடம் கிடையாது, அடியில் காந்தல் பிடித்திருக்கும். வடிக்கிறவர் வலக்கைப் பழக்கமா இடக்கைப் பழக்கமா என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

இனி அரிசிக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உடம்பே பாடம் படித்தது.

பழனி பக்கத்தில் பொருந்தல் என்ற ஊர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் 2009-10இல் அங்கே அகழாய்வு செய்தபோது, ஒரு கல்லறைக்குள் நான்கு கால் வைத்த ஒரு சாடியில் ஏறக்குறைய 2 கிலோ நெல் கிடைத்தது. இறந்தவருக்கு வைத்த நெல். அதைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 490, 450 என்று வந்தது. தாமிரபரணிக் கரையில் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். அதற்கும் முன்னால், 1899க்கும் 1905க்கும் இடையில் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, பானைகளுக்குள் நெல், தினை வகை உமிகள் இருந்ததை எழுதிவைத்திருக்கிறார்.

2 கிலோ நெல். படிக்கும்போது சின்ன அளவாகத் தெரிந்தது. அதே அளவு நெல்லை உரலில் போட்டுக் குத்திப் பார்ப்போம் என்று இறங்கினேன். பூங்கார் நெல் ஒரு விவசாயியிடம் வாங்கினேன். உரலும் பூண் போட்ட உலக்கையும் பக்கத்துத் தெரு அம்மாச்சி வீட்டில் மாட்டுக்கொட்டகையில் கிடந்தன. அம்மாச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அத்தையும் நானும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிப் போட்டோம்.

உலக்கையின் கனத்தால் உமி உடைவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் நெல்லோடு நெல் உரசித்தான் உமி கழல்கிறது. உரல் குழியை முக்கால் அளவு நிரப்பினால் உரசல் நன்றாகக் கிடைக்கும். குறைவாகப் போட்டால் உலக்கை கல்லில் இடித்து அரிசி குருணையாகிவிடும். “ஓங்கிக் குத்தாதத்தா, தூக்கித் தூக்கி விடு, அது எடைக்கு அது எறங்கும்” என்றார் அம்மாச்சி. கொஞ்ச நேரத்தில் தோள் தானாகவே அதைக் கற்றுக்கொண்டது. கை மாறும்போது உலக்கையைக் காற்றில் விட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் மூச்சும் ஒரே தாளத்தில் வராவிட்டால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். உரலுக்கும் பாட்டுக்கும் இருக்கிற உறவு அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் பழம்பாட்டு மரபில் குத்துப்பாட்டுக்கு வள்ளைப்பாட்டு என்று தனிப் பெயரே உண்டு. அலுப்பு தெரியாமல் இருக்கப் பாடினார்கள் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். பாட்டு இல்லாமல் இரண்டு உலக்கை ஒரே உரலில் இறங்கவே முடியாது என்பது என் துணிபு.

குத்துவதைவிடப் பெரிய வேலை சுளகில் இருக்கிறது. புடைத்தால் உமி பறக்கும். நேம்பினால் அரிசியும் நெல்லும் பிரியும். கொழித்தால் கல்லும் குருணையும் ஒதுங்கும். மூன்றுக்கும் மணிக்கட்டு வேறு வேறு மாதிரி திரும்பும். அம்மாச்சி கையில் சுளகு வந்ததும், நெல் ஒரு மூலையிலும் அரிசி ஒரு மூலையிலும் தாமாகவே போய் உட்கார்ந்தன. வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தும் எனக்கு அந்தத் திருப்பல் பிடிபடவில்லை. பிரிந்து வந்த நெல்லை மறுபடி உரலில் போட வேண்டும். உமி போகக் குத்தியபின் தவிடு போகத் தீட்ட வேண்டும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகவே போய்விடும். குருணையும் தவிடும் கழித்தால், பொருந்தல் சாடியின் நெல் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு ஓரிரு வேளைச் சோறு. அதற்கு இரண்டு பெண்களின் காலைப் பொழுது முழுக்கப் போய்விட்டது.

இப்போது அந்தச் சாடியை நினைத்துப் பாருங்கள். செத்தவரோடு நெல் வைத்தார்கள் என்றால் மண்ணுக்குள் வைத்தது தானியம் மட்டும்தானா? அதை விளைவித்த, இன்னும் குத்தவேண்டிய உழைப்பையும் சேர்த்தே வைத்தார்கள். நெல்லாக வைத்தார்களே தவிர, அரிசியாக வைக்கவில்லை. விதையாகவும் ஆகும் என்று வைத்தார்களோ என்னவோ, எனக்கு அதைக் குத்திப் பார்க்கும் முன் இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

விறகிலும் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் பக்கம் கண்மாய்க் கரை, ரயில் பாதை ஓரம் எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேலம்தான். அடுப்புக்கு அதுதான் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது தென்னமெரிக்கப் பக்கத்து மரம், இந்தியாவுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதை எரித்துக்கொண்டு சங்க காலச் சமையல் என்று நேரக் கணக்கு எழுதினால் கணக்கே தவறிவிடும். அது கனன்று நின்று எரிகிற விறகு. நாட்டுக் கருவேலம், புளி, வேம்பு, பனைமட்டை ஒவ்வொன்றின் தீயும் வேறு. பனைமட்டை குபீரென்று பிடித்து அணைந்துவிடும், தண்ணீர் கொதி வர அது போதும், அரிசி வேகப் போதாது. அதனால் பனைமட்டையில் தொடங்கிப் புளிய விறகில் முடிப்பது நன்றாக வந்தது. விறகை எடை போட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் இன்னும் சிக்கல். மிளகாய் போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தது. தக்காளி, உருளை, நிலக்கடலை, மரவள்ளி, கொய்யா, பப்பாளி எல்லாமே அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்தவை. கடலையெண்ணெய் வாசமில்லாத மதுரைத் தெரு ஒன்றை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. பழந்தமிழர் விருந்து என்று பேர் வைத்து இலையில் தக்காளி ரசம் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அது விருந்தாக நன்றாக இருக்கலாம், சோதனையாக ஆகாது. ஒரு சோதனை என்றால் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று தெரிய வேண்டும். மிளகு, இஞ்சி, மஞ்சள், புளி, நெய், நல்லெண்ணெய், உப்பு, தயிர் இவற்றோடு நிற்க வேண்டும். நின்றால் நாக்குக்கு ஒரு புது உலகம் திறக்கிறது. மிளகாயின் காரம் நாக்கின் நுனியில் சுடும், மிளகின் காரம் தொண்டையில் மெல்ல ஏறும். கொதிக்கவிட்டால் மிளகின் மணம் ஓடிவிடும், இறக்கும்போது தட்டிப் போட்டால் நிற்கும்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான ஒரு பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள், பிசைந்த விரலைக் கட்டியிருக்கும் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், மை தீட்டிய கண்ணில் தாளித்த புகை ஏற, புளிப்பும் இனிப்புமான ஒரு குழம்பை ஆக்கிப் போடுகிறாள், அவன் ருசித்துச் சாப்பிட அவள் முகம் மலர்கிறது. பள்ளியில் இதைக் காதல் பாட்டாகப் படித்தோம். அடுப்பின் முன் உட்கார்ந்து செய்து பார்த்தால் இது ஒரு செய்முறை என்றும் தெரிகிறது.

ஏன் கரண்டியால் அடிக்காமல் கையால் பிசைகிறாள்? மண்சட்டியில் தயிரைச் சூடாக்கினால், கொஞ்சம் அசந்தாலும் திரிந்து தண்ணீர் தனியாகக் கட்டி தனியாகப் போய்விடும். கட்டி இல்லாமல் ஒரே சீராகக் கரைத்திருந்தால்தான் தாங்கும். கட்டி இருக்கிறதா என்று விரலுக்குத்தான் தெரியும். ஏன் சேலையில் துடைத்துக்கொள்கிறாள்? நெய் காய்ந்துவிட்டது, மிளகைப் போட வேண்டும், கை கழுவ எழுந்து போனால் இங்கே கருகிவிடும். காய்ந்த நெய்யில் இடித்த மிளகு விழுந்த நொடியில் எழும் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும். அந்தக் கண்ணோடு சட்டியை விடாமல் துழாவ வேண்டும், நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், மண்சட்டி இறக்கிய பிறகும் சூட்டை விடாது என்பதால் ஒரு கணம் முன்னாலேயே இறக்க வேண்டும். இத்தனையையும் ஒரு புது மருமகள் பிசகாமல் செய்து முடித்திருக்கிறாள். அவள் முகம் மலர்ந்ததில் பாதி அவளுடைய திறமைக்கானது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கூடலூர் கிழார் அடுப்படியில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு அடுப்படி வருகிறது. கூரை இற்றுப்போன வீடு, பசித்த பாணர் குடும்பம். பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். எங்கள் ஊர் ரயிலடிப் பக்கம் மழைக்குப் பிறகு நல்வேளை தானாக முளைக்கும். அதைப் பறித்து உப்பு போடாமல் வேகவைத்துச் சாப்பிட்டேன். கசப்பும் காட்டமும் நாக்கில் அப்பிக்கொண்டன. உப்பிட்டால் அந்தக் கசப்பு எவ்வளவோ அடங்கும். அடுத்த வாய்க்குக் கை போகவில்லை. அந்த வரியைக் கவிஞர் இரக்கத்துக்காக எழுதினார் என்று எண்ணியிருந்தேன். வறுமைக்கு ஒரு ருசி உண்டு, அது அந்தக் கீரையில் இருக்கிறது. உப்பு விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள், கடற்கரையிலிருந்து உப்பு வணிகரான உமணரின் வண்டியில் வர வேண்டியது. நெய்யும் ஊனும் வழிகிற ஆற்றுப்படை விருந்துகளை மட்டும் சமைத்துக் காட்டுவது பாதிக் கதை. இந்தக் கீரையையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஊன் என்றதும் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது. 2020 பிப்ரவரியில் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் சிந்துவெளி மக்களின் உணவை மறுபடி சமைத்துப் பரிமாற ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பட்டியலில் இருந்த இறைச்சியும் மீனும் எதிர்ப்பு வந்ததும் நீக்கப்பட்டன. அதே ஆண்டில் அக்ஷ்யேதா சூரியநாராயணன் தலைமையில் வெளியான ஆய்வு, சிந்துவெளிப் பானை ஓடுகளுக்குள் பன்றி, மாடு, எருமை, ஆடு இவற்றின் கொழுப்பும் பாலின் தடமும் இருப்பதைக் காட்டியது. கீழடியில் கிடைத்த எலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தபோது மாடு, எருமை, ஆடு இவற்றோடு காட்டு விலங்குகளும் இருந்தன. மான் வகை, ஆடு, காட்டுப்பன்றி எலும்புகளில் வெட்டிய தழும்புகளும் இருந்தன. பானை சொல்வதைக் கேட்கத்தான் இந்த வேலையே. நமக்குப் பிடித்ததை மட்டும் அதன் வாயில் திணித்தால் அகழாய்வு எதற்கு? எங்கள் வீட்டில் பெரும்பாலும் சைவம். ஆனால் ஆட்டுக்கறியைத் தனிச் சட்டியில், மிளகும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்து, அந்தச் சட்டியைக் கழுவாமல் எடுத்துவைத்திருக்கிறேன். ஒப்பிட ஒரு சட்டி வேண்டுமே.

பானையின் நிறத்தைப் பற்றியும் கொஞ்சம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்புக்குக் கீழே இரண்டும் சேரும் கோடு. கறுப்பு சிவப்புப் பானை நம் பழைய ஊர்களிலெல்லாம் கிடைக்கிறது. கீழடி ஓடுகளின் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் 2020இல் அதே சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதினார்கள். நானோ என்ற சொல்லுக்கே எல்லாரும் கைதட்டினோம். வைக்கோலும் உமியும் களிமண்ணும் வைத்துக்கொண்டு ஒரு குயவர் அதை எப்படி உண்டாக்கினார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. வைகை கீழடியைத் தாண்டிப் போகிற வழியில்தான் மானாமதுரை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்ட ஊர். அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். “கவுத்தி வச்சு உள்ளுக்க உமியப் போட்டுட்டா, உள்ள காத்து போகாது தாயி, கறுத்துரும். வெளிய காத்து படுற எடம் செவந்துக்கிரும்” என்றார். மண்ணில் இருக்கிற இரும்புக்குக் காற்று கிடைத்தால் சிவப்பு, கிடைக்காமல் புகை ஏறினால் கறுப்பு. அவர் சூளையின் ஓரத்தில் அப்படியே வைத்துச் சுட்டுக் கொடுத்தார். உள்ளே கறுத்தது, வெளியே சிவந்தது, ஆனால் கோடு அலை அலையாக ஓடியது. அருங்காட்சியகத்து ஓட்டில் அந்தக் கோடு எவ்வளவு நேராக ஓடுகிறது! “அவன் கை பெரிய கைத்தா” என்று பெரியவர் தன் முன்னோரை மெச்சினார்.

நூற்புக்குள் நான் இன்னும் நுழையவில்லை. கீழடியில் கிடைத்த தக்களிகளின் எடைக்குத் தக்க மண்ணில் செய்து, பஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். எடை கூடினால் நூல் தடிக்கும், குறைந்தால் மெலியும் என்கிறார்கள். நூற்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்க மனமில்லை.

அந்த ஒருவர்தான் விஷயமே. பட்சரில் ரெனால்ட்ஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அங்கே அந்தக் கைகள் அறுபட்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. நம்மிடம் இன்னும் இருக்கின்றன. அம்மாச்சியின் மணிக்கட்டு இருக்கிறது. மானாமதுரைச் சூளை எரிகிறது. இன்னும் இருபது வருடம் கழித்து நாமும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். கீழடி அருங்காட்சியகத்தின் வளாகத்தில் ஒரு களம் வேண்டும்: அடுப்பு, உரல், சுளகு, ஒரு சின்னச் சூளை. வருகிற பிள்ளைகள் நெல்லைக் குத்திப் பார்க்கட்டும். சொல்லித்தர அம்மாச்சி மாதிரியானவர்களுக்கு மாதச் சம்பளம் போட்டு, ஆசிரியர் என்று பெயர்ப்பலகை வைக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் அவர்கள் கையைப் படம் பிடித்து, பானைக் கறையை ஆய்வகத்தில் சோதித்து, ஓடுகளோடு ஒப்பிடட்டும். தோண்டுவதற்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

எனக்கு அடுத்த வேலை வரகு. நெல்லைவிட அதற்கு உமி அடுக்குகள் அதிகம், உரலில் லேசில் கழலாது. அந்தக் காலத்தில் திருகையில் மண் பூசி அரைத்து உமியை உரித்திருக்கிறார்கள். எந்த மண், எவ்வளவு கனம், பூசியபின் எத்தனை நாள் காய வேண்டும், ஒரு பூச்சு எத்தனை படி வரகைத் தாங்கும் என்பதெல்லாம் செய்த கைக்குத்தான் தெரியும். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் வரகுத் திருகை புழங்கிய பெரியவர்கள் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். திருகை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. வரகும் வண்டிச் செலவும் என்னுடையது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர அவருக்குச் சம்மதம் இருந்தால் போதும், அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.